அரிசி டிரம்மில் ஒரு கேமரா

அந்த யோசனை வந்தபோது என் வாயில் தேங்காய் பன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கோயம்புத்தூர்ப் பெரியகுளத்துக் கரையில் இரண்டு மணி நேரம் கேமராவோடு பறவைகளைத் துரத்திவிட்டு, வழக்கம்போல உக்கடத்தில் ஒரு பேக்கரியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நேர் எதிரே இரண்டு முகங்கள்.

ஒன்று, ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடை வைத்திருக்கும் அண்ணனுடையது. எங்கள் போட்டோ குழுவிலேயே விலை உயர்ந்த கேமரா அவருடையதுதான். லென்ஸை வைப்பதற்கே தனியாக ஒரு பை தூக்கி வருவார். அன்று எடுத்த நீர்க்காகத்தைத் திரையில் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, ஃபோகஸ் கண்ணில் விழாமல் கழுத்தில் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். வீட்டில் சாவு விழுந்தவர் மாதிரி டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று, பல்லடத்திலிருந்து வரும் கோழிப்பண்ணை சூப்பர்வைசர் அண்ணனுடையது. அவரிடம் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பழைய பாக்கெட் கேமரா. அதன் குட்டித் திரையைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ட்ரைபாடுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் நகைக்கடை அண்ணனின் பின்புறம். படம் முழுவதும் அதுதான். அதுவும் ஆடியிருந்தது.

இந்தச் சந்தோஷம் அந்த மனிதரிடம் இருக்கிறதா, அந்தக் கேமராவில் இருக்கிறதா? இதுதான் எனக்கு வந்த யோசனை. அடுத்த வாய் பன் உள்ளே போவதற்குள் அதைச் சோதித்துப் பார்க்கும் வழியும் வந்துவிட்டது. நான் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மோட்டாரை மாற்று, பம்ப்பை அப்படியே வை. பிறகு பம்ப்பை மாற்று, மோட்டாரை அப்படியே வை. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். எதிரில் இருந்தவரிடம் பழுது எதுவுமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் குழுவில் யாரும் யாருடைய படத்தையும் மோசம் என்று சொல்லமாட்டார்கள். கோயம்புத்தூரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டு, அனுமதி கேட்டுத்தான் அறுப்போம். படம் நன்றாக இருந்தால், "என்ன லென்ஸுங்க?" என்று கேட்பார்கள். நன்றாக இல்லையென்றால், "என்ன கேமராங்க?" என்று கேட்பார்கள். புதிதாகச் சேருகிறவருக்கு இது மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். நான்காவது வாரம் ஒன்று அவர் வரமாட்டார், அல்லது புதுக் கேமராவோடு வருவார்.

சூப்பர்வைசர் அண்ணனுக்கு மட்டும் ஒன்றரை வருடமாகியும் பிடிபடவில்லை. வாராவாரம் அவரிடம், "என்ன கேமராங்க?" என்று கேட்டார்கள். அவரும் வாராவாரம் முதல் தடவை கேட்கப்பட்டவர் போலவே பதில் சொன்னார். "மச்சான் துபாயிலிருந்து கொண்டாந்து குடுத்ததுங்க. பேட்டரி மூடி ஒடஞ்சுபோச்சு, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கறனுங்க." அந்தக் கேமராவுக்குள் இருந்த கடிகாரமும் செத்துவிட்டது. அதனால் அவருடைய எல்லாப் படங்களின் மூலையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஜனவரி ஒன்று என்று விழும்.

"உங்குளுக்கு மட்டும் தெனமும் நியூ இயருங்க," என்பார் நகைக்கடை அண்ணன்.

"ஆமாங்க. கேக்குதான் ஒருத்தரும் வெட்ட மாட்டேங்கறாங்க," என்பார் இவர்.

மேசை முழுவதும் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன், அவர் எதற்காகச் சிரித்தாரோ அதற்காக இல்லை.

வாரத்தில் ஆறு நாளும் அவர் பைக்கில் பண்ணை பண்ணையாகப் போவார். கோழியைத் தூக்கி எடை பார்ப்பார், செத்ததை ஒதுக்கச் சொல்வார், தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பார். சட்டைப் பையில் அந்தக் கேமரா எப்போதும் இருக்கும். தராசின் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிற கோழி, தீவன மூட்டையில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கும் ஆள், ஷெட்டுக் கம்பி வலைக்கு வெளியே பொறாமையோடு உட்கார்ந்திருக்கும் நாய். எல்லாம் சுமாரான படங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கேமராவை டிவியில் சொருகி, வாரத்தின் படங்களை எல்லாம் மனைவிக்குப் போட்டுக் காட்டுவார். அதுதான் அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு சினிமா. இதை அவரே ஒருமுறை பெருமையாகச் சொன்னார். "பாதிப் படத்துக்கு எங்கூட்ல திட்டு விழுகுமுங்க. மீதிப் படத்துக்குச் சிரிப்புங்க."

எனக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் புதுக் கேமரா வாங்கியிருந்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு மூச்சில் இருபது படம் எடுத்துத் தள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அறுநூறு படம். அதில் எதை வைப்பது, எதை அழிப்பது என்று திங்களிலிருந்து வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பொழுதுபோக்கு எனக்கு இரண்டாவது வேலையாகிவிட்டிருந்தது. அதற்கு முன்பு வைத்திருந்த பெரிய கேமரா அலமாரியில் சும்மா கிடந்தது.

அடுத்த வாரம் மதுக்கரைப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்குப் போயிருந்தோம். முடித்துவிட்டு டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்ததும், நான் அந்தப் பழைய கேமராவைப் பையிலிருந்து எடுத்து சூப்பர்வைசர் அண்ணன் முன்னால் வைத்தேன்.

"ண்ணா, இது ஊட்ல சும்மாதான் கெடக்குது. ஒரு மாசம் இத வச்சு எடுத்துப் பாருங்க. உங்குளுது எங்கிட்ட இருக்கட்டும். மாசம் முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

"எனக்கெதுக்குங்க அம்மணி அவ்வளவு பெருசு. நான் கோழி தூக்கறவன்."

"வாங்கிக்கங்க," என்றார் நகைக்கடை அண்ணன். "கோழிகளும் பாவமில்லீங்களா. ஒருக்காவாச்சும் நல்ல கேமரால வரட்டும்."

"ஷெட்டுல தூசுங்க அம்மணி. நெஞ்சடைக்கும். இது தாங்குங்களா?"

"அதெல்லாம் தாங்குங்ணா," என்றேன். தாங்காது. தூசு படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது.

அவர் சுற்றியிருந்த ஏழு பேரையும் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் நாலு பேர் அறிய ஒன்றை நீட்டினால், வேண்டாம் என்று சொல்வது அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருவது மாதிரி. மறுத்தால் கொடுத்தவரை அவமானப்படுத்திவிட்டதாக அர்த்தம். நான் அதை அவரிடம் தனியாகக் கேட்காமல் எல்லோர் முன்னாலும் கேட்டதற்குக் காரணமே அதுதான். அவர் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து என்னிடம் கொடுக்கும்போது, "மூடிய மட்டும் அமுக்கிப் புடிச்சுக்கங்க அம்மணி, பேட்டரி உளுந்துரும்," என்றார்.

அன்று சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் ஞாயிறு அவர் என் கேமராவை டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஈரோட்டுத் துண்டு, அதற்குள் கேமரா. ஒரு கொக்கு தெரிந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். "நான் முடிச்ச அவுக்கறதுக்குள்ள அது ஊட்டுக்குப் போயிருதுங்க," என்றார். முந்தைய வாரம் வரைக்கும் எழுபது எண்பது படம் எடுத்தவர் அன்று எடுத்தது பதினொன்று. நோட்டில் எழுதினேன். அவர் எத்தனை தடவை சிரித்தார் என்பதையும் எண்ணி எழுதினேன். இரண்டு.

டீ குடிக்கும்போது நகைக்கடை அண்ணன் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் எடுத்தார். எடுத்த படத்தைத் திரையிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பது அதுவரை சூப்பர்வைசர் அண்ணனுக்குத் தெரியாது. எந்தக் கேமராவிலும் அப்படிப் பார்த்ததில்லை. பரிசல்காரர் ஒருவரை எடுத்திருந்தார். நல்ல படம். பெரிதாக்கினார்கள். பரிசல்காரரின் காது தெளிவாக இருந்தது, கண் கொஞ்சம் மங்கல்.

"பாத்தீங்களாங்க, காதுல போய் உளுந்திருக்குது," என்றார் நகைக்கடை அண்ணன். குரலில் அத்தனை கனிவு.

"அட, ஆமாங்க," என்றார் இவர். பெரிதாக்கிப் பார்க்கிற அந்த முகம், நான் அவரிடம் பார்த்தே இராத முகம். முந்தின வாரம் வரைக்கும் அது நகைக்கடை அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு அவர் ஷெட்டில் நடந்ததைச் சொன்னார். "அந்தச் சின்னதுல எடுத்தா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க அம்மணி. அவிங்க பாட்டுக்கு வேலை பாப்பாங்க. இதக் கண்டதும் தலைல கட்டுன துண்ட அவுத்துப்போட்டு, பட்டனப் போட்டுட்டு, ஒட்டுக்கா வரிசைல நிக்கறாங்க. ஒரு அம்மா வந்து, ரேசன் கார்டுக்குங்களான்னு கேட்டுது. இல்லீங்கன்னா நம்ப மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதினேன். அந்த மாதத்திலேயே உருப்படியான கண்டுபிடிப்பு அதுதான். கேமரா மாறினால் படம் மாறுகிறது என்று எல்லோரும் சண்டை போடுகிறோம். எதிரில் நிற்கிற மனிதர் மாறுகிறார் என்பதை யாரும் பேசுவதில்லை. பெரிய கேமராவைப் பார்த்ததும் ஊரே ஆபீசுக்கு வந்தது போல நிமிர்ந்து நிற்கிறது. வாயைப் பிளந்து தூங்கும் ஆள் இனிமேல் அவருக்குக் கிடைக்கமாட்டார். இது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததும் செய்ய வேண்டியது, அவருடையதை அவரிடமே திருப்பிக் கொடுப்பது. மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் நான் கொடுக்கவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்துவது எங்கள் பிரிவில் பெரிய குற்றம்.

கிளம்பும்போது அவர், இந்தக் கேமராவை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். நகைக்கடை அண்ணன்தான் பதில் சொன்னார். "ஈரம் பட்டா லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சுரும். அப்பறம் தூக்கிப் போட வேண்டியதுதானுங்க. நான் கரண்டுல ஓடற பொட்டி வச்சிருக்கறன். நீங்க எதாச்சும் ஈரமில்லாத எடமாப் பாத்து வைங்க."

மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. பண்ணைக்குப் புது பேட்ச் குஞ்சு வந்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார். நான்காவது ஞாயிறும் வரவில்லை.

நான் வந்தேன். அந்த வாரங்கள் எப்படி இருந்தன என்பதைப் பொய் சொல்லாமல் சொல்லிவிடுகிறேன். நான் கேமராவைத் தொட்ட நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவருடைய பாக்கெட் கேமரா ஒரு படம் எடுத்துவிட்டு மூச்சு வாங்கும். அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் பார்த்துவிட்டு எடுத்தேன். டவுன் பஸ்ஸில் எடுத்தேன், காய்கறி மார்க்கெட்டில் எடுத்தேன், கோட்டைமேட்டில் பிரியாணி அண்டாவுக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தவரை எடுத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்பெனியில் மோட்டார் கழற்றுகிற அக்காக்கள் சோற்றுப் பாத்திரத்தை மாற்றி மாற்றித் தின்பதை எடுத்தேன். ஒரு நாளைக்கு இருபது படம். வீட்டுக்கு வந்து அழிக்க ஒன்றும் இருக்காது.

அவற்றை இன்ஸ்டாகிராமில் போட்டேன். புதுக் கேமராவின் அறுநூறு படத்துக்கு வராத கூட்டம் வந்தது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய பாக்கெட் கேமராக்களை அத்தை வீட்டுப் பரண் வரைக்கும் ஏறித் தேடுகிறார்கள். மூலையில் விழும் ஆரஞ்சு ஜனவரி ஒன்றைத்தான் முதலில் பாராட்டினார்கள். ஸ்டைல் என்றார்கள். எங்கள் மேசை ஒன்றரை வருடம் சிரித்த அதே ஜனவரி ஒன்று. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடைக்காரர் பத்துப் படங்களைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார்.

மாதம் முடிந்துவிட்டது. சூப்பர்வைசர் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். "ண்ணா, இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுங்களா?" குரல் பதிவாகப் பதில் வந்தது. பின்னால் கோழிச் சத்தம். "வச்சுக்கங்க அம்மணி. ஒண்ணும் அவசரமில்லீங்க." இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும், அவசரமில்லை என்று ஒருவர் சொன்னால் நாம் அவசரமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று. நானும் இங்கேதான் பிறந்தேன்.

காபிக் கடையில் படங்களை மாட்டிய சாயங்காலம் அவர் வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் கேமரா இல்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, வீட்டுப் பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தார். நான் இரண்டு கல்லூரிப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது என்ன கேமரா? எங்க வாங்குனீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர் மூன்றடி தள்ளி, பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் லேசான சிரிப்பு, தன் பேர் வரப்போகிறது என்று தெரிந்தவரின் சிரிப்பு.

"பழசுதான். கெடச்சுது," என்றேன்.

அந்த நேரத்தில் நான் பயப்படவோ தடுமாறவோ இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவரைக் காட்டினால் அடுத்த பத்து நிமிடம் அந்தப் பெண்கள் அவரோடு பேசுவார்கள்.

நகைக்கடை அண்ணன் அவர் தோளில் கை போட்டார். "பாத்தீங்களாங்க. அதே கேமராதான். கை மாறுனதும் என்னமா வருதுங்க."

"ஆமாங்க," என்றார் அவர். காபியைக் குடித்தார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

போகும்போது என்னிடம் வந்தார். "அம்மணி, ஒரு சமாச்சாரம் சொல்லோணும்னு வந்தனுங்க." அதற்குள் யாரோ என்னை ஃபோட்டோவுக்கு இழுத்தார்கள். "அப்பறமாச் சொல்றனுங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மறுநாள் அவர் குழுவை விட்டு வெளியேறியதாக வாட்ஸப் காட்டியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

மனசாட்சி உறுத்தி நான் பல்லடம் போனேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்தவள் ஒருத்தி என் பழைய கேமராவை விலைக்குக் கேட்டாள். அதை வாங்கி வரத்தான் போனேன். பையில் அவருடைய பாக்கெட் கேமராவும் இருந்தது. திருப்பிக் கொடுக்க எடுத்துப் போகவில்லை, வழியில் விசைத்தறிக் கூடத்தைப் படம் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "கேமரா எங்கீங்ணா?" என்று நான் கேட்டதும் அண்ணன் எழுந்து சமையலறைக்குள் போனார். கதவு வழியாகத் தெரிந்தது. எவர்சில்வர் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். தோள் வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவி, என் கேமராவை வெளியே எடுத்தார். லென்ஸ் இடுக்கிலிருந்து அரிசி உதிர்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. வாய்விட்டே சிரித்தேன்.

"ஈரம் ஆகாதுன்னாருங்களே," என்றார். "முன்னாடி எம்பட போனு தண்ணித் தொட்டில உளுந்தப்ப அரிசிக்குள்ளதானுங்க வச்சோம். நல்லாயிருச்சு. அதனால தெனமும் வேலை முடிச்சு வந்ததும் இதையும் உள்ள பொதச்சு வச்சிருவனுங்க."

வாங்கி, லென்ஸ் வளையத்தைத் திருப்பினேன். நறநறவென்றது. பாதியில் நின்றுவிட்டது. லென்ஸுக்குள் வெள்ளையாகத் தவிடு படிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்பதை நிறுத்தினேன்.

"ரெண்டாவது வாரம் வந்துட்டுப் போனனில்லீங்க, அந்த வாரத்துலயே இப்பிடி ஆயிப்போச்சுங்க. டவுனுல ரெண்டு கடைல காட்டுனேன். பார்ட்ஸ் வரோணுங்கறாங்க. உங்க பொருளக் கெடுத்துப்போட்டேனுங்க அம்மணி. அதச் சொல்லத்தான் அன்னிக்குக் காபிக் கடைக்கு வந்தனுங்க."

"ஞாயித்துக்கெழமை விடிஞ்சா டிரம்மத் தொறந்து பாப்பாருங்க," என்றார் அவர் மனைவி. "மறுபடியும் மூடிப்போடுவாரு. எழவு ஊட்ல மொகம் பாக்கறாப்புல. உங்க கேமராவக் கெடுத்துட்டு எங்குளுத எப்பிடித் திருப்பிக் கேக்கறதுங்கறாரு. ஏனுங்க அம்மணி, அந்தச் சின்னது உங்ககிட்டத்தான இருக்குது? நாங்க டிவில படம் பாத்து மூணு மாசமாச்சுங்க."

"நீ செத்த சும்மா இரு," என்றார் அவர்.

என் பை மடியில் இருந்தது. கை அதன் ஜிப்பில் இருந்தது. இதை இப்போது கொடுத்துவிட்டால் விசைத்தறிப் படங்கள் போய்விடும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை அவர் மனைவி பார்த்துவிட்டார். பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கினதும் விரல் தானாகப் பேட்டரி மூடியை அழுத்திப் பிடித்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவியை ஒரு படம் எடுத்தார். அந்த அக்கா, "அட, தலைகூடச் சீவாம இருக்கறேன்," என்று முகத்தைத் திருப்பினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இன்றைக்கே சோற்றுக்குப் பிறகு டிவியில் போடுவார்கள், திட்டு விழும், சிரிப்பார்கள், நான் ஊருக்குப் போய்விடலாம்.

அவர் படத்தைப் பார்த்தார். கட்டை விரல் ஒரு பொத்தானைத் தேடியது. பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"பொட்டுப் பொட்டா இருக்குதுங்களே," என்றார். "மொகமே இல்லீங்க இதுல. வெறும் பொட்டு." என்னைப் பார்த்துக் கேட்டார். "முன்னாடியும் இப்பிடித்தான் வந்துச்சுங்களா அம்மணி?"

ஷெட்டுத் தூசு தாங்கும் என்று கூசாமல் சொன்னவள் நான். அந்த இடத்தில் ஒரு பொய் வந்திருக்க வேண்டும். கேமராவுக்கு ஏதோ ஆகிவிட்டது, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது உண்மைதான்.

"ஆமாங்ணா. முன்னாடியும் இப்பிடித்தான்."

"அப்பத் தெரியலீங்க," என்று கேமராவை ஆஃப் செய்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டேன். டிவி ஓடவில்லை.

கேமராவுக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியும். ஒரு கேமரா இன்னொரு கேமராவில் இருந்த சந்தோஷத்தையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டு வாரம் நல்ல கேமராவைக் கையில் கொடுத்தால் போதும், ஒருவருக்குத் தன் பழைய படங்களில் இருக்கும் குறை எல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும். என் புதுக் கேமரா எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். எனக்காவது அது நானே தேடிப் போய் வாங்கியது. நகைக்கடை அண்ணன் இப்போது பழைய பாக்கெட் கேமராக்களாக மூன்று வாங்கியிருக்கிறார். மூன்றிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார். காபிக் கடைச் சுவரில் என் பேர் மட்டும்தான் இன்னும் இருக்கிறது.

போன வாரம் சூப்பர்வைசர் அண்ணன் மனைவியிடம் போனில் பேசினேன். கேமரா டிவி பக்கத்திலேயே இருக்கிறது என்றார். எடுக்கிறாரா என்று கேட்டேன். "எடுத்தாப் பெருசு பண்ணிப் பாக்கறாருங்க, அழிச்சுப்போடறாருங்க," என்றார்.

"அக்கா, அந்தத் திரைமேல கறுப்பு டேப்ப ஒட்டிட்டா? அவரு எடுக்கட்டும். ஆனா பாக்க வேண்டாம். ஞாயித்துக்கெழமை டிவில நீங்க மொதல்ல பாருங்க. நீங்க சிரிச்சதுக்கப்பறம் அவரக் கூப்புடுங்க."

"மறுபடியும் எதையோ சோதிக்கறீங்களா அம்மணி?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "சனிக்கெழமை காத்தால குஞ்சு எறக்கறாங்க. வேணுமுன்னா நீங்களே வந்து கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். என் கேமரா எதையும் எடுத்துப் போகப்போவதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு ரோல் கறுப்பு டேப் வாங்கி வைத்திருக்கிறேன். குஞ்சுப் பெட்டிகள் எல்லாம் உள்ளே போய், ஆட்கள் டீ குடிக்க வெளியே போனதும், ஷெட்டுக்குள் அவர் மட்டும் இருக்கும்போது கேட்பேன். வேண்டாம் என்றால் டேப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு, காலிப் பெட்டிகளை எடுத்து வண்டியில் அடுக்கப் போய்விடுவேன்.